அவலாஞ்சி டிரவுட் பொரிப்பகம்: நாற்பது ஆண்டுத் தோல்விக்குப் பிறகு

தில்லி மயூர் விஹாரில் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் ஐஸ் மேல் அடுக்கியிருந்த டிரவுட் மீனைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பியபோது, குன்னூரில் வளர்ந்த அவருடைய அப்பா, "இது நம்ம அவலாஞ்சி மீன், வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டது" என்றாராம். அந்த மீன் உண்மையிலேயே நீலகிரியிலிருந்துதான் தில்லிக்கு வருகிறதா, அங்கே ஊட்டிக்கு அருகே மலைக்காட்டில் இருக்கும் அவலாஞ்சியில் அரசாங்கம் எதற்காக ஒரு மீன் குஞ்சு பொரிப்பகம் கட்டியது, இவ்வளவு பழைய பொரிப்பகம் இருந்தும் தமிழ்நாட்டு டிரவுட் என்று ஒன்று ஏன் கடைக்கு வருவதில்லை என்பவை அவருடைய ஐயங்கள்.

முதல் ஐயத்துக்கு விடை எளிது. தில்லிச் சந்தைக்கு வரும் டிரவுட் பெரும்பாலும் இமாசலப் பிரதேசத்தின் குல்லு, மண்டிப் பகுதிகளிலிருந்தும் காஷ்மீரிலிருந்தும் ஐஸ் பெட்டிகளில் வருகிறது. நீலகிரி மீன் இவ்வளவு தூரம் வருவதில்லை. வரும் அளவுக்கு அங்கே உற்பத்தியும் இல்லை. ஆனாலும் அப்பா சொன்னதில் பாதி சரி. உடம்பு முழுவதும் கறுப்புப் புள்ளிகளும், செவுளிலிருந்து வால் வரை பக்கவாட்டில் ஓடும் இளஞ்சிவப்புப் பட்டையும் இருந்திருந்தால் அது ரெயின்போ டிரவுட். அவலாஞ்சியில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பொரிக்கப்படுவதும் அதே இனம்தான். மற்ற இரண்டு ஐயங்களுக்கும் விடை சொல்ல, இந்த இனம் அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பொரிப்பகம் கட்டியதற்கு முந்தைய நாற்பது ஆண்டுக் கதை தெரியாமல் பொரிப்பகத்தின் பயன் புரியாது.

நீலகிரியின் மேல்நிலம் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. சோலைக்காடும் புல்வெளியும் மாறி மாறி வரும் அந்த நிலத்தில் பிறக்கும் ஓடைகள் கோடையிலும் குளிர்ந்தே ஓடும். அங்கே காலங்காலமாக வாழ்ந்த தோடர்கள் எருமை மேய்த்துப் பாலையும் தயிரையும் உண்டு வாழ்ந்தவர்கள். புலால் உண்ணாதவர்கள் என்பதால் அந்த ஓடைகளில் மீன்பிடித் தொழில் என்று ஒன்று வளரவில்லை. 1820களில் ஜான் சல்லிவன் ஊட்டியில் குடியேறி ஏரி வெட்டியதற்குப் பிறகு வந்த ஆங்கிலேயர்கள், தங்கள் ஊர் ஓடைகளைப் போலவே இருந்த இந்த ஓடைகளில் தங்கள் ஊர் மீன் இல்லையே என்று குறைப்பட்டார்கள். உணவுத் தேவைக்காக எழுந்த ஆசை இல்லை இது. தூண்டில் போட்டு விளையாட ஒரு மீன் வேண்டும் என்ற ஆசை. பின்னால் இந்தப் பொரிப்பகம் அடைந்த நன்மை தீமைகள் இரண்டுக்கும் இந்தத் தொடக்கமே வேர் என்பது என் கருத்து.

1863-இல் முதல் முயற்சியைச் செய்தவர் சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே. பிற்காலத்தில் இந்திய மீன்களைப் பற்றி இன்றும் ஆய்வாளர்கள் புரட்டும் பெருநூலை எழுதியவர் இவரே. டிரவுட்டின் இன்னொரு இனமான பிரவுன் டிரவுட்டின் முட்டைகளை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார், அவை பிழைக்கவில்லை. அன்றைய நிலையில் அது வியப்பும் இல்லை. சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன, மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் ரயில் குன்னூரைத் தொட்டதே 1899-இல்தான். மீன் முட்டையைக் கப்பலில் கொண்டுபோக வேண்டுமானால் ஈரப் பாசியில் பொதிந்து, பெட்டியைச் சுற்றிப் பனிக்கட்டி அடுக்கி, அது உருகாமல் காக்க வேண்டும். 1864-இல் நார்போக் என்ற கப்பலில் இப்படிச் சென்ற முட்டைகள்தான் டாஸ்மேனியாவில் பொரிந்தன. அதற்கு முன்பு அந்தத் தீவுக்கு அனுப்பப்பட்டவையும் வழியிலேயே செத்திருந்தன.

டேவுக்குப் பிறகு, ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மக்ஐவர் 1866-இல் முட்டைக்குப் பதிலாக உயிருள்ள குஞ்சுகளையே கொண்டுவந்தார். அவர் கொண்டுவந்த கார்ப், டென்ச் போன்ற மீன்கள் ஊட்டியின் நீர்நிலைகளில் நிலைத்தன, டிரவுட் நிலைக்கவில்லை. அடுத்த முப்பது ஆண்டுகளில் சென்னை மாகாண அதிகாரியும் தூண்டில் பிரியருமான எச். எஸ். தாமஸ் உட்படப் பலர் முயன்றார்கள். இதற்கிடையே 1877-இல் நீலகிரி வேட்டைச் சங்கம் உருவாகி, 1879-இல் நீலகிரியின் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காப்பதற்கென்று ஒரு சட்டமும் வந்துவிட்டது. டிரவுட் வருவதற்கு முன்பே அதைக் காக்கும் சட்டம் தயாராக இருந்த விந்தையை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

இத்தனை முயற்சியும் ஏன் வீணாயிற்று என்பதுதான் இந்த வரலாற்றில் சுவையான பகுதி. வழிப்பயணத்தில் முட்டை சாவது ஒரு காரணம்தான். பிழைத்து வந்து ஓடையில் விடப்பட்ட பிரவுன் டிரவுட்கூட வளர்ந்ததே தவிர, தலைமுறை தலைமுறையாகப் பெருகவில்லை. பிரவுன் டிரவுட் ஐரோப்பாவின் மீன். குளிர்காலத்தில் நீர் நன்றாகக் குளிர்ந்த பிறகு, ஓடையின் கூழாங்கல் படுகையில் குழி பறித்து முட்டையிடும். அந்த முட்டை நன்கு பொரிய நீரின் வெப்பம் 10 டிகிரியை ஒட்டியோ அதற்குக் கீழேயோ வாரக்கணக்கில் நிலையாக இருக்க வேண்டும். நிலநடுக்கோட்டிலிருந்து 11 டிகிரி தொலைவில் மட்டுமே இருக்கும் நீலகிரியில் இரவில் உறைபனி விழும். பகலில் வெயில் சுளீரென்று அடிக்கும். காற்றில் இருக்கும் குளிரைப் பார்த்து நீரிலும் அதே குளிர் இருக்கும் என்று எண்ணியதும், ஊர் ஞாபகத்தில் பிரவுன் டிரவுட்டையே பிடிவாதமாகக் கொண்டுவந்ததும்தான் பெரும் பிழை.

தீர்வு இலங்கையில் தெரிந்தது. நுவரெலியாப் பகுதிக்கு 1882-இல் பிரவுன் டிரவுட் கொண்டுபோகப்பட்டது; 1899-இல் ரெயின்போ டிரவுட் சென்றது. இரண்டில் ஹார்ட்டன் சமவெளி ஓடைகளில் தானாகப் பெருகி நிலைத்தது ரெயின்போதான். கலிபோர்னியாவின் கோடை வெயிலைக் கண்ட மலையோடைகளைப் பூர்விகமாகக் கொண்ட அந்த இனம், 20 டிகிரியைத் தாண்டும் நீரிலும் சில காலம் தாக்குப்பிடிக்கும்.

1906-இல் சென்னை அரசு ஹென்றி சார்ல்ட்டன் வில்சன் என்ற மீன் வளர்ப்பு வல்லுநரை நீலகிரிக்கு வரவழைத்தது. அவர் செய்த முதல் வேலை மீனை வரவழைப்பது அல்ல, ஓடைகளை ஆராய்வது: நீரின் வெப்பம், ஆண்டு முழுவதும் ஓடும் அளவு, படுகையின் தன்மை, அதில் இருக்கும் பூச்சிப் புழுக்கள். முடிவில் பிரவுனைக் கைவிட்டு ரெயின்போவைத் தேர்ந்தார். 1907-இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் எழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் இலங்கையிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் முட்டைகள் வந்து, நீலகிரியிலேயே முட்டையெடுத்துப் பொரிக்கும் நிலை உருவாயிற்று. நியூசிலாந்து மீன்களின் மூதாதையர் 1880களில் கலிபோர்னியாவிலிருந்து சென்றவை என்பதால், பசிபிக் கடலைக் குறுக்கே கடந்து, பிறகு இந்தியப் பெருங்கடலையும் கடந்து வந்த வம்சம் அது.

இடத் தேர்விலும் வில்சனின் கவனம் தெரிகிறது. டிரவுட்டுக்குக் குளிரைவிட முக்கியமானது நீரில் கரைந்த பிராணவாயு. கடல் மட்டத்தில் 10 டிகிரி நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும், 20 டிகிரியில் அது 9-ஆகக் குறையும், மலை உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் அதிலும் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஆகவே நிற்கும் குளம் பயன்படாது. ஓடையை மேலே மறித்து, வாய்க்கால் வழியாகத் தானாக இறங்கி வரும் நீர் இரவும் பகலும் தொட்டிகளில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரமோ பம்போ இல்லாத காலத்தில் சோலை நிழலில் ஓடிவரும் அவலாஞ்சி ஓடை அதற்கு ஏற்ற இடம்.

பொரிப்பகத்துக்குள் நடக்கும் வேலையை நேரில் பார்க்காதவர்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இமாசலத்தின் பட்லிகுஹல் பண்ணையிலும் அவலாஞ்சியிலும் முறை ஒன்றுதான். முட்டையிடும் பருவத்தில் தாய் மீன்களைத் தினமும் வலையில் எடுத்து வயிற்றைத் தடவிப் பார்ப்பார்கள். வயிறு மெத்தென்று இருந்தால் முட்டை முதிர்ந்துவிட்டது என்று பொருள். ஈரத் துணியில் மீனைச் சாய்த்துப் பிடித்து, உடம்பையும் பாத்திரத்தையும் துடைத்துவிட்டு, கட்டைவிரலால் முன்புறத் துடுப்பிலிருந்து பின்நோக்கி மெல்ல நீவினால், பட்டாணியைவிடச் சற்றுச் சிறிய ஆரஞ்சு நிற முட்டைகள் சரசரவென்று உலர்ந்த பேசினில் விழும். ஒரு கிலோ எடையுள்ள தாய் மீன் ஏறக்குறைய 2,000 முட்டை தரும். ஆண் மீனின் விந்தை அதே பேசினில் பிதுக்கி, பறவை இறகால் கலக்குவார்கள். அதுவரை ஒரு சொட்டு நீரும் சேரக் கூடாது. சேர்ந்தால் முட்டையின் வாய் மூடிக்கொண்டு விந்து உள்ளே போகாது. கலந்து முடிந்த பிறகே நீர் ஊற்றிக் கழுவி, முட்டைகளைத் தட்டில் பரப்பி, ஓடும் நீரில் இருட்டில் வைப்பார்கள்.

இதற்குப் பிறகு வருவது கண்கொத்திப் பாம்பாகக் காக்க வேண்டிய காலம். 10 டிகிரி நீரில் ரெயின்போ முட்டை பொரிய ஒரு மாதம் ஆகும். முதல் இரண்டு வாரங்கள் தட்டைக் குலுக்கினாலே கரு செத்துவிடும். செத்த முட்டை வெண்மையாக மாறி, அதில் பூஞ்சை பிடித்து, பக்கத்து முட்டைகளுக்கும் பரவும். அதனால் ஒவ்வொன்றாகக் குறட்டால் பொறுக்கி எடுக்க வேண்டும். பாதிக் காலம் கடந்ததும் முட்டைக்குள் இரண்டு கறுப்புக் கண்கள் தெரியும். அந்தக் கண்முட்டைப் பருவத்தில்தான் அதைப் பொதிந்து வெளியூர் அனுப்ப முடியும். 1860களில் கப்பல் ஏற்றியவர்களும் இன்று விமானத்தில் அனுப்புபவர்களும் காத்திருப்பது இந்தக் கறுப்புப் புள்ளிக்காகவே. பொரிந்த குஞ்சு இரண்டு மூன்று வாரம் தன் வயிற்றில் தொங்கும் மஞ்சள் கருவை உண்டு வாழும். அதன் பிறகு மசித்த ஈரல், அவித்த முட்டை மஞ்சள் என்று நாளுக்குப் பல வேளை ஊட்ட வேண்டும். ஒரு பொரிப்பகத்தின் உண்மையான சொத்து கட்டடம் அல்ல, இந்த வேலையை விடுமுறை பாராமல் செய்யும் நாலைந்து கைகள். நூற்றாண்டு கடந்தும் அவலாஞ்சி நிற்பதற்குக் காரணம் கேட்டால் வில்சனின் தேர்வுக்கு அடுத்தபடியாக, பெயர் பதிவாகாத அந்தத் தொழிலாளர்களைத்தான் சொல்வேன்.

அது யாருக்காக நடந்தது என்ற கேள்விக்கு வருவோம். முதல் நாற்பது ஆண்டுகள் அங்கே பொரித்து வளர்த்த விரலிகள் (விரல் நீளக் குஞ்சுகள்) அவலாஞ்சி, எமரால்டு, முக்குருத்தி, பார்சன்ஸ் பள்ளத்தாக்கு ஓடைகளில் விடப்பட்டன. உரிமம் வாங்கித் தூண்டில் போட்டவர்கள் அதிகாரிகளும் தோட்டத் துரைகளும். மூணாறில் தோட்டத்தார் தங்கள் சங்கத்தின் வழியாக இராஜமலையில் தாங்களே ஒரு பொரிப்பகம் நடத்தினார்கள். நீலகிரியில் அதே விளையாட்டுக்கு அரசுப் பணம் துணை நின்றது. இதைப் பொழுதுபோக்குச் செலவு என்று கண்டிப்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால், சென்னை மாகாண மீன்வளத் துறை பிறந்ததும் அதே 1907-இல்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதைத் தொடங்கி நடத்திய சர் பிரெடரிக் நிக்கல்சனின் அக்கறை முழுவதும் கடற்கரை மீனவர்கள் மேல் இருந்தது: கருவாட்டுப் பதம், மீன் எண்ணெய், கூட்டுறவுக் கடன். அவலாஞ்சியில் பழகிய வில்சனை அத்துறை கொள்ளிடத்துக்கு அனுப்பியது. நாம் உள்ளம் என்றும் வங்காளிகள் இலிஷ் என்றும் கொண்டாடும் மீனின் முட்டையைச் செயற்கையாகச் சினைப்படுத்திப் பொரிக்கும் முயற்சியை இந்தியாவில் முதன்முதலில் செய்தவர் அவர். தில்லியில் வங்காளிகள் நிறைந்த சித்தரஞ்சன் பார்க்கில் இலிஷ் வாங்க வரிசையில் நிற்கும் நம் அக்கம்பக்கத்தாருக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். துரைகளின் தூண்டிலுக்காகக் கற்ற கைத்தொழில் வேறு நீர்களுக்கும் சென்றது என்பதே பொரிப்பகத்துக்கு நான் தரும் மதிப்பு.

வடக்கே நடந்ததும் இதே காலத்தில்தான். காஷ்மீரில் கம்பளத் தொழில் நடத்திய பிராங்க் மிச்செல் என்பவருக்கு பெட்போர்டு பிரபு அன்பளிப்பாக அனுப்பிய பிரவுன் டிரவுட் முட்டைகள் 1899-இல் வழியிலேயே அழிந்தன. 1900-இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவை பிழைத்தன. அந்த வம்சத்திலிருந்து முட்டை வாங்கி 1909-இல் குல்லுவில் பியாஸ் நதிக்கரையில், கட்ராயினுக்கு அருகே பொரிப்பகம் அமைத்தவர் ஹோவெல் என்ற அதிகாரி. இமயத்தின் பனிநீரில் பிரவுன் டிரவுட்டுக்கு நீலகிரியில் நேர்ந்த சிக்கல் இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு இரு பக்கமும் பாதை பிரிந்தது. 1980களில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் உதவியோடு காஷ்மீரின் கோகர்நாக்கிலும், அப்பத்தாண்டின் இறுதியில் நார்வேயின் உதவியோடு குல்லுவின் பட்லிகுஹலிலும் நவீனப் பண்ணைகள் வந்தன. உலர்தீவனம் செய்யும் வழி தெரிந்தது. அரசுப் பொரிப்பகம் குஞ்சு தர, ஓடைக்கரை விவசாயி சிமெண்டுத் தொட்டி கட்டி வளர்த்து விற்கும் ஏற்பாடு பரவியது. நண்பர் ஐ.என்.ஏ.வில் பார்த்த மீன் இந்த ஏற்பாட்டின் விளைவு. குளிர்நீர் மீன்களுக்கென்று, இன்று நைனிடால் பக்கத்தில் பீம்தாலில் இருக்கும் மத்திய ஆராய்ச்சி நிலையமும் 1987-இல் தொடங்கப்பட்டது.

நீலகிரியில் அதே காலத்தில் மீனைவிட மின்சாரம் முக்கியமாயிற்று. கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா தந்த உதவியோடு 1950களின் பிற்பாதியிலிருந்து கட்டப்பட்ட குந்தா நீர்மின் திட்டம், டிரவுட் ஓடிய ஓடைகளில் பலவற்றை அவலாஞ்சி, எமரால்டு, மேல் பவானி நீர்த்தேக்கங்களாக மாற்றியது. தேக்கத்து நீரில் டிரவுட் வளரும்; முட்டையிட அதற்கு ஓடும் நீரும் கூழாங்கல்லும் வேண்டும். ஓடைகளின் மேற்பகுதிகள் மட்டும் எஞ்சிய பிறகு, மீன் குறையாமல் இருக்க வேண்டுமானால் ஆண்டுதோறும் பொரிப்பகத்திலிருந்து விரலி விட்டே ஆக வேண்டும் என்றாயிற்று. புல்வெளிகளில் வாட்டில், யூகலிப்டஸ், பைன் மரங்களை நட்டதால் கோடைக்கால ஓட்டமும் பாதிக்கப்பட்டது. பொரிப்பகத்தைச் சுற்றியிருப்பது காப்புக்காடு. பண்ணையை விரிக்க நிலம் கிடையாது, தனியார் வளர்க்கக் கூடிய உயரத்தில் உள்ள நிலமும் தேயிலை, உருளைக்கிழங்கு, கேரட்டுக்குப் போய்விட்டது. தமிழ்நாட்டு டிரவுட் கடைக்கு வராததற்கு அரசின் அக்கறையின்மை மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. குளிர்ந்த நீர் அங்கே உண்மையிலேயே கொஞ்சம்தான்.

அது விரிய வேண்டுமா என்பதிலும் இப்போது இரண்டு கருத்து இருக்கிறது. ரெயின்போவும் பிரவுனும் உலகின் மிக மோசமான நூறு அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றவை; நீர்ப்பூச்சி, தலைப்பிரட்டை, சிறு மீன் எதையும் விடாமல் தின்பவை. தவளை இனங்கள் மலிந்த மேற்குத் தொடர்ச்சி மலையில், குறிப்பாக 1990-இல் தேசியப் பூங்காவான முக்குருத்திப் பகுதியில், இதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. தேக்கங்களில் விரலி விடுவதோடும் பொரிப்பகத் தொட்டிகளில் வளர்ப்பதோடும் நின்றுகொண்டு, பூங்காவுக்குள் இருக்கும் ஓடைகளைத் தொடாமல் விடுவதே முறை என்று நான் கருதுகிறேன்.

வெப்பத்தைப் போலவே மழையும் அங்கே ஆபத்து. 2019 ஆகஸ்ட் இரண்டாவது வாரத்தில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 900 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது; தில்லி ஓர் ஆண்டு முழுவதும் காணும் மழையைவிட இது அதிகம். அப்படிப்பட்ட நாளில் வாய்க்காலில் வண்டல் இறங்கினால் மீனின் செவுள் அடைபடும், வாய்க்கால் உடைந்தால் தொட்டிக்கு நீரே வராது. இரண்டில் எது நடந்தாலும் தாய் மீன்கள் சில மணி நேரத்தில் போய்விடும். அவற்றைத் திரும்ப உருவாக்க இரண்டு மூன்று ஆண்டுகள் வேண்டும். அதனால்தான் தாய் மீன் கூட்டத்தை ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்று இத்துறையில் இருப்பவர்கள் வலியுறுத்துகிறார்கள்.

அடுத்த முறை குன்னூருக்குப் போகும்போது அப்பாவை அழைத்துச் சென்று பார்க்க விரும்பினால், ஊட்டியிலிருந்து எமரால்டு வழியாக அவலாஞ்சிக்குச் சாலை இருக்கிறது. காட்டுக்குள் வனத்துறை வாகனத்தில்தான் போக வேண்டும், பொரிப்பகத்தின் உள்ளே பார்ப்பதற்கு மீன்வளத் துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. தென்மேற்குப் பருவமழை மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். முட்டையெடுப்பதைப் பார்க்க வேண்டுமானால் குளிர்காலத்தில், காலை வேளையில் போங்கள். நீர் சூடேறுவதற்குள் அந்த வேலையை முடித்துவிடுவார்கள்.